கோணேசர் வாசலில் இருந்து வெருகல் மட்டும்: கச்சானில் நான்கு நாள் நடை

யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் வேல் எடுத்துப் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரையை முழுதாக நடக்க ஒன்றரை மாதமாவது வேண்டும். அவ்வளவு லீவு கிடைக்காதவர்கள் திருகோணமலையில் கூட்டத்தோடு சேர்ந்து, வெருகல் முருகன் கோவில் வரை நடந்துவிட்டு பஸ் ஏறித் திரும்பலாம். ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் என்று வைத்தால் நான்கு நாள். ஏற்றம் இறக்கம் இல்லை, பாதை முழுக்கத் தார் வீதி. அதனால்தான் பலர் இதை லேசாக எண்ணி வந்து, இரண்டாம் நாளே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கூட்டம் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் ஆனி மாதத்தை ஒட்டி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று இங்கே காய்ந்த அனலாக இறங்குகிறது. வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துபோகும். வியர்க்கவில்லை, தண்ணீர் தேவையில்லை என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுவது. தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கி, தலையிடியும் சத்தியும் வரும். ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி (கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பைக்கற்று. அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கூட வருபவர் பேச்சுத் தடுமாறினால், நடை தள்ளாடினால், கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

முதல் நாள் கோணேசரைக் கும்பிட்டு விடியற்காலை 4 மணிக்கே கோட்டை வாசலைத் தாண்டிவிட வேண்டும். பாலையூற்று, சீனன்குடா, வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த பாலம், நீளம் 396 மீற்றர்; அதற்கு முன் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. பாலத்தில் ஒரு பொட்டு நிழல் கிடையாது, குடை பிடித்தால் காற்று மடக்கிவிடும். வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள். கிண்ணியாவிலும் அப்பால் மூதூர், தோப்பூர்ப் பக்கமும் முஸ்லிம் ஊர்களில் தண்ணீரும் சர்பத்தும் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், போத்தலை நிரப்பவும் அதுதான் இடம். கரையோரக் கிணறுகள் இந்த மாதத்தில் உவர்க்கும்.

இனிக் கால். கொப்புளம் நடையால் மட்டும் வருவதில்லை. உராய்வோடு ஈரமும் மணலும் சேர்ந்தால் சீக்கிரம் வரும். கோவில் கிணற்றில் குளித்த கையோடு செருப்பை மாட்டி நடப்பவருக்குத்தான் முதலில் வரும், ஊறிய தோல் லேசாகக் கழன்றுவிடும். துடைத்து, விரலிடுக்கில் காற்றுப்பட 20 நிமிடம் இருங்கள். யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்குவது முட்டாள்தனம். இரண்டு மாதமாவது போட்டுத் தேய்ந்தது வேண்டும், பெருவிரலிடுக்கு வாரில் பழைய வேட்டிச் சீலையைச் சுற்றிவிடுங்கள். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடப்பவர்கள் காலை 9 மணிக்குப் பிறகு தாரில் கால் வைக்கவே கூடாது. ஓர மணலில் நடந்தால் சூடு குறையும், ஆனால் மணல் கெண்டைக்காலை இழுக்கும்; மாறி மாறி நடப்பதுதான் வழி. கொப்புளம் வந்துவிட்டால் ஊசியை நெருப்பில் காட்டி ஓரத்தில் மட்டும் குத்தி நீரை இறக்குங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் உங்கள் பிளாஸ்ரர். தொடை உரசலுக்கு நடக்கும் முன்னமே தேங்காயெண்ணெய். வியர்வையில் ஊறிக் காய்ந்த வேட்டியில் உப்புப் படிந்து அரம் போல அறுக்கும், தினமும் அலசுங்கள். சேலை கட்டுபவர்கள் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுவது நல்லது.

மூட்டை தண்ணீரோடு சேர்த்து 6 கிலோவுக்குள் நிற்கட்டும். இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சாரம், பெட்சீற், ரோச் லைற், நுளம்புத் திரி, பனங்கட்டி. சமையல் பாத்திரம் வேண்டாம், கோவில்களில் அன்னதானம் இருக்கும்.

விடியுமுன் நடப்பது நல்லது என்ற விதி கிளிவெட்டி வரைக்கும்தான். சேருநுவர தாண்டி வெருகலுக்குப் போகும் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. நிலம் தெளிந்த பிறகே புறப்பட வேண்டும், வெயிலில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் பட்டாலும் பரவாயில்லை. தனியே முந்திப் போகாதீர்கள். வேலோடு போகும் சாமிமாருக்குப் பின்னால், வீதியின் வலப்பக்கம், எதிரே வரும் வாகனம் தெரிய நடப்பதே முறை.

வெருகலில் ஆற்றில் முழுகி, கோவில் மண்டபத்தில் ஒரு இரவு கிடந்துவிட்டுத் திரும்பலாம். மிச்சமிருக்கும் ஜீவனியையும் பிளாஸ்ரரையும் தொடர்ந்து போகும் சாமிமாரிடம் கொடுத்துவிடுங்கள். கதிர்காமத்துக்குப் போகும் வழியில் உகந்தை முருகன் கோவிலுக்கு அப்பால் காட்டுக்குள் கடை கிடையாது.