ரேக் நேர சர்வர்: டிஸ்ப்ளேயில் வினாடி ஒருவழியாகச் சரியானது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிபிஎஸ் மாட்யூலில் ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் மின்னும் பிபிஎஸ் எல்இடி எரிந்த அதே ஃபிரேமில் என் நேர சர்வரின் டிஸ்ப்ளேயில் வினாடி 41 போய் 42 வந்தது. வினாடிக்கு 240 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். அடுத்தடுத்து பத்து வினாடிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே ஃபிரேம், மிஞ்சினால் அதற்கு அடுத்தது. ஐந்து வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லாவிட்டால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

பெட்டியைப் பற்றி முதலில். சென்னை ரிச்சி தெருவில் பழைய நெட்வொர்க் சாமான் விற்கும் கடையில் கிடைத்த 1யு (ரேக்கில் ஒரு தட்டு உயரம்) நேர சர்வர் இது, அதாவது ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுத்து நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் பெட்டி. ஏறக்குறைய எடைக்குப் போடும் விலைக்கே கொடுத்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் ஆன்டெனாவை வைத்து கரன்ட் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் சாட்டிலைட் பிடித்துக்கொண்டது. மணி, நிமிடம், வினாடி சரி. கிழமையும் ஞாயிறு, சரி. தேதி மட்டும் 2005 டிசம்பர் 4 என்று காட்டியது. அன்றைக்கு 2025 ஜூலை 20.

கையில் காலண்டரை வைத்துக்கொண்டு நாள்களை எண்ணினேன். 7168 நாள், சரியாக 1024 வாரம். ஜிபிஎஸ் அனுப்பும் வார எண்ணுக்கு 10 பிட்தான் இடம், எனவே 1024 வாரத்துக்கு ஒருமுறை அது சுழியத்துக்குத் திரும்பிவிடும். 1980 ஜனவரி 6 அன்று தொடங்கிய கணக்கு 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் இன்னொரு முறையும் திரும்பியிருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் இருந்த பழைய ரிசீவருக்கு அது புரியவில்லை. முழு வாரங்களாகவே பிசகுவதால்தான் கிழமை மட்டும் சரியாக வந்திருக்கிறது. இது தெரிந்ததும் பெட்டி மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது.

ஃபர்ம்வேரை மாற்ற வழியில்லை. கேஸும் பவர் சப்ளையும் அருமையானவை என்பதால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர், யு-ப்ளாக்ஸ் எம்8 ஜிபிஎஸ் மாட்யூல், நேரத்தைச் சரியாக வைத்திருக்க க்ரோனி என்ற மென்பொருள். முன்பக்கம் மங்கிப்போயிருந்த பழைய டிஸ்ப்ளேயை எடுத்துவிட்டு, மேக்ஸ்7219 சிப் வைத்த எட்டு இலக்க செவன் செக்மென்ட் போர்டு. பழைய ஜன்னல் இதற்குப் பொருந்தாததால் முகப்புத் தகடு புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. முதுநகரில் ஒரு பட்டறை அண்ணன் வெட்டிக் கொடுத்தார். 1யு என்றால் 44.45 மில்லி, ஆனால் தகடு அந்த உயரம் இருந்தால் மேலும் கீழும் உள்ள பெட்டிகளோடு உரசும், 43.6 வேண்டும் என்று சொன்னேன். “தம்பி, அரை மில்லி முன்னப்பின்ன ஆனா பரவாயில்லையா?” என்று கேட்டார். கூடினால் ஆகாது, குறைந்தால் பரவாயில்லை என்றேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 43.5. அந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆன்டெனா பற்றி ஒரு வார்த்தை. கடலூரில் மாடியில் வைக்கும் எந்த கனெக்டரும் உப்புக் காற்றில் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடித்துவிடும். ஆன்டெனா ஒயரைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ இணைப்பின் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கி இன்னும் மோசமாகும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப் போட்டிருக்கிறேன். ஒயர் 12 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 5 நானோ வினாடி தாமதம், மொத்தம் 60. டிஸ்ப்ளேக்கு அது ஒரு கணக்கே இல்லை, இருந்தாலும் செட்டிங்கில் போட்டுவிட்டேன்.

அப்புறம் டிஸ்ப்ளே. மேசை மேல் வைத்தபோது ஒழுங்காக ஓடியது. கேஸுக்குள் வைத்ததும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டு இலக்கமும் 8 ஆகி அப்படியே நின்றுவிடும். மூன்று நாள் புரோகிராமில் தப்பு தேடினேன். தப்பு அங்கே இல்லை. 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219 ஒரு சிக்னலை ‘1’ என்று எடுத்துக்கொள்ள 3.5 வோல்ட் வேண்டும். பை தருவது 3.3. மேசை மேல் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது. கேஸுக்குள் ஒயர் பவர் சப்ளையை ஒட்டிப் போகிறது. மின் இரைச்சலில் ஏதாவது ஒரு பிட் மாறினால் சிப் தன்னுடைய டெஸ்ட் நிலைக்குப் போய் எல்லாவற்றையும் எரிய விடும். நடுவில் 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக மாற்றும் ஒரு 74எச்சிடி125 போட்டு, மேக்ஸ்7219இன் கால்களை ஒட்டியே 10 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்களை வைத்தேன். அதன் பிறகு ஒருமுறைகூட 8 வரவில்லை. இணையத்தில் விற்கும் பாதிக் கிட்டுகளில் இந்த மாற்றி கிடையாது. வாங்குகிறவர்கள் தங்கள் புரோகிராமைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி வினாடி. நெட்வொர்க்கில் நேரம் கேட்கும் கம்ப்யூட்டர்களுக்கு முகப்பில் என்ன தெரிகிறது என்பது தேவையே இல்லை. அவை 123ஆம் போர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளும். முகப்பைப் பார்ப்பது மனிதர்கள். நான் ஹாம் ரேடியோ லாக் எழுதும்போது அந்த எண்ணைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உள்ளே மைக்ரோ வினாடி சுத்தம், வெளியே அரை வினாடி பொய் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒவ்வொரு வினாடியும் தூங்கி எழுந்து நேரத்தை எழுதும் சாதாரண லூப் போட்டேன். எழுதுவதற்கு ஆகும் சிறு நேரம் சேர்ந்துகொண்டே போய், எப்போதாவது 17க்கு அடுத்து 19 வந்துவிடும். அடுத்து, ஜிபிஎஸ் மாட்யூல் நேரத்தையும் இடத்தையும் எழுத்தில் அனுப்பும் என்எம்இஏ வரி வந்தவுடன் எழுதிப் பார்த்தேன். வினாடி விட்டுப்போகவில்லை, ஆனால் எல்இடி மின்னி வெகுநேரம் கழித்துத்தான் எண் மாறியது. 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் அத்தனை வரிகளும் வந்து முடியவே அரை வினாடிக்கு மேல் ஆகிறது.

இப்போது இருக்கும் முறை இதுதான். அடுத்த வினாடிக்கான எட்டு இலக்கத்தையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிட வேண்டும். ‘இன்னும் இவ்வளவு நேரம் தூங்கு’ என்று சொல்லாமல் ‘இந்த நேரம் வரை தூங்கு’ என்று சிஸ்டம் கடிகாரத்திடம் சொல்ல வேண்டும். 2 மில்லி வினாடி முன்னதாகவே எழுந்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, வினாடி திரும்பியதும் எழுத வேண்டும். எட்டு இலக்கமும் எழுத ஒரு மில்லி வினாடியில் சிறு பகுதிகூட ஆகாது.

இதைப் போட்டு எல்இடியோடு ஒத்துப்பார்த்தேன், பிரமாதமாகச் சேர்ந்தது. ஆனால் அன்று மாலை எஃப்டி8 என்ற ஹாம் ரேடியோ டிஜிட்டல் முறையைக் கேட்டபோது, நம் கடிகாரத்தோடு மற்றவர்களின் நேர வித்தியாசத்தை வினாடியில் காட்டும் டிடி பத்தியில் எல்லா நிலையங்களும் மைனஸ் 0.8, மைனஸ் 0.9 என்றே வந்தன. உலகம் முழுக்க எல்லோரும் சொல்லிவைத்து ஒரு வினாடி முந்துவார்களா? நம் கடிகாரம்தான் பின்தங்கியிருக்க வேண்டும். இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின், இணையத்தில் நேரம் தரும் என்டிபி சர்வரை க்ரோனியில் சேர்த்துப் பார்த்தேன். சரியாக ஒரு வினாடி வித்தியாசம்.

பிபிஎஸ் துடிப்பு ‘இப்போது வினாடி தொடங்குகிறது’ என்று மட்டும்தான் சொல்லும். அது எத்தனையாவது வினாடி என்பதை என்எம்இஏ வரிதான் சொல்ல வேண்டும். அந்த வரி அரை வினாடிக்கு மேல் தாமதமானால் க்ரோனி பக்கத்து வினாடியின் எண்ணை ஒட்டிவிடுகிறது. துடிப்பு துல்லியம், பெயர் தப்பு. அதனால்தான் எல்இடியோடு கச்சிதமாகச் சேர்ந்தது. எல்இடிக்குத் தன் பெயர் தெரியாதே!

சாட்டிலைட் பட்டியல் சொல்லும் ஜிஎஸ்வி வரிகளை நிறுத்தினேன். பாட் வேகத்தை 38400 ஆக்கினேன். மிச்சமிருந்த தாமதத்தை அளந்து என்எம்இஏவுக்கு ஆஃப்செட்டாகக் கொடுத்தேன். டிடி பத்தி 0.1, 0.2 என்று இறங்கியது. டெல்லி சர்வரோடு சில மில்லி வினாடிதான் வித்தியாசம், அது இணையப் பாதையின் தாமதம். அதன் பிறகு எடுத்ததுதான் நேற்றைய வீடியோ. டிஸ்ப்ளேயை எல்இடியோடு ஒப்பிட்டு யாராவது நிம்மதியாக இருந்தால், தயவுசெய்து வெளியே இன்னொரு நேரத்தோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் வேலை முடியவில்லை. மேல்மூடி போடவில்லை, ரேக்கில் பெட்டியை முடுக்க கேஜ் நட் நான்கு வாங்க வேண்டும், இரவில் வெளிச்சத்தைக் குறைக்கும் பகுதி எழுதவில்லை. அதற்குள் மனம் அடுத்ததற்குப் போய்விட்டது. 2011 தானே புயலின்போது இங்கே நாள்கணக்கில் கரன்டும் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி நாளில் பேட்டரியில் ஓட வேண்டும், ஆன்டெனா பறந்துபோனாலும் சில மணி நேரம் நேரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்குச் சூடேற்றிய கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்று பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜிபிஎஸ் போல இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக்கை எடுக்கும் ரிசீவர் மேலும் கண் இருக்கிறது. 2023இல் ஏவிய என்விஎஸ்-01 சாட்டிலைட்டில் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் இருக்கிறது, அதிலிருந்து நேரம் எடுக்க வேண்டும் என்று ஆசை.

இன்னொன்று, முகப்பில் ஒரு பட்டன். அழுத்தினால் பழைய மெட்ராஸ் நேரம் காட்ட வேண்டும். 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன் ரயில்கள் ஓடிய நேரம் அது, இன்றைய நேரத்துக்கு 8 நிமிடம் 46 வினாடி பின்னால். நம் ஊர்ச் சூரியனுக்கு அதுதான் நெருக்கம். கடலூரின் தீர்க்கரேகைப்படி நாம் இந்திய நேரத்துக்குச் சுமார் 11 நிமிடம் பின்னால் இருக்கிறோம். பட்டனுக்கு ஓட்டை போட நாளை மறுபடி பட்டறைக்குப் போகிறேன், 12 மில்லி.