பேரில் 32, உள்ளே 64

திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனிக் கணினியில் ஒரு பழைய 32 பிட் பில்லிங் சாஃப்ட்வேர் (பிட் கணக்கு, ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு), டிஎல்எல் கோப்பு, அதாவது நிரல் ஓடத் தேவையான துணைக் கோப்பு ஒன்றைக் காணோம் என்று திறக்கவே மறுத்தது. 32 பிட் தானே என்று அந்தக் கோப்பை விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டுவிட்டு அரை நாள் மண்டை காய்ந்தேன். 64 பிட் விண்டோஸில் எல்லாம் தலைகீழ். சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட்டுக்கான இடம் சிஸ்வாவ்64 (SysWOW64) என்ற ஃபோல்டர்! அந்த 'வாவ்' வியப்பெல்லாம் இல்லை, 'விண்டோஸ் ஆன் விண்டோஸ்' என்பதன் சுருக்கம். பழைய நிரல்கள் பலவற்றில் சிஸ்டம்32 என்ற பாதையை அப்படியே எழுதி வைத்திருந்ததால், 64 பிட்டுக்கு மாற்றும்போது அவை படுத்துவிடக் கூடாதென்று பெயரைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். 32 பிட் நிரல் சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸே சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 பக்கம் திருப்பிவிடும். சரி, கோப்பை அங்கே மாற்றியதும் பில் வந்தது.

"ஏனுங் மாப்ள, பேரை மாத்தி வெச்சிருந்தா ஆகாதாக்கும்?" என்றார் மாமா.