மதமதக்கும் விரல்கள்: நாட்குறிப்பு

ஜனவரி 6
நடுராத்திரியில் வலது கை மதமதத்து எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து நாலு உதறு உதறினால்தான் விரல்களுக்கு உயிர் வருகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பொறுமை போய்விடுகிறது.

ஜனவரி 9
"எந்தெந்த விரல்?" என்றார் டாக்டர். மொத்தக் கையும் என்றேன். "சுண்டுவிரலுமா?" யோசித்தால், அது மட்டும் இல்லை. அவருக்கு அதுவே பாதி விடை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி: இவற்றின் உணர்வு மீடியன் நரம்பின் பொறுப்பு. அந்த நரம்பு, ஒன்பது தசைநாண்களோடு இடித்துக்கொண்டு மணிக்கட்டின் குறுகிய சந்துக்குள் நுழைகிறது. உள்ளே வீங்கினால் நசுங்குவது நரம்புதான். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் ராத்திரியில் அதிகம்.

புறங்கைகளை ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். நிமிடம் முடியுமுன்பே நடுவிரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. கழுத்திலிருந்து கை வரை வலி இறங்கினால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது இல்லை.

ஜனவரி 13
ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, பி12 சரி. தைராய்டு குறைவு, மணிக்கட்டு நரம்பு நசுங்க அதுவும் ஒரு காரணம். மாத்திரை தொடங்கியாயிற்று.

அலுவலகத்தில் ஆளுக்கொரு சத்து மாத்திரை சிபாரிசு செய்கிறார்கள். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுத்து விரலை மரக்கவைக்கும் என்றால் யாரும் நம்பவில்லை.

ஜனவரி 30
தூங்கும்போது மணிக்கட்டை நேராகப் பிடிக்க ஸ்பிளிண்ட் என்ற விறைப்பான பட்டை. புரண்டு படுத்தால் முகத்தில் இடிக்கிறது. ஆனாலும் தூக்கம் கலைவது குறைந்திருக்கிறது. ஆறு வாரம் போட வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை, ஸ்டீராய்டு ஊசி. கடைசியில் அறுவை சிகிச்சை, சந்தின் கூரையாக இருக்கும் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் விடுவது. கட்டைவிரலடிச் சதை வற்றத் தொடங்கினால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

பிப்ரவரி 14
சித்தி போன். அவருக்கும் விரல் மரக்கிறதாம், என் ஸ்பிளிண்ட் வேண்டுமாம். திடீரென்று வந்ததா, வாய் கோணியதா, பேச்சு குழறியதா என்று முதலில் கேட்டேன். அப்படியென்றால் பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இல்லை, மாதக்கணக்காக இருக்கிறது, சுண்டுவிரலில். அப்படியானால் முழங்கையில் ஓடும் அல்நார் நரம்பாக இருக்கலாம். மணிக்கட்டு ஸ்பிளிண்ட் உதவாது. டாக்டரைப் பாருங்கள், அதுவரை முழங்கையை மடக்கி மணிக்கணக்காய் போன் பேசாதீர்கள் சித்தி என்றேன். இதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.