சரிவோரக் குறிப்புகள்

ஏப்ரல் 5, சனி

கண் அறுவையில், விழித்திரை ஒட்டுவதற்காக உள்ளே விட்ட வாயுக் குமிழின் விளிம்புக் கோடு இன்று பார்வையின் நடுவுக்கு இறங்கியிருக்கிறது. மேலே உலகம், கீழே கலங்கல். தலையை அசைத்தால் கோடும் அலம்புகிறது. வீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி பேதலித்துவிடும் என்று படகு இறக்கும் சரிவுக்கு நடந்தேன். தூக்கக் கூடாது, குனியக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பருவத்தின் முதல் சனிக்கிழமை. வரிசையில் பாதிப் பேர் புதியவர்கள். சரிவின் தலைப்பில் வண்டியை நிறுத்திய பிறகுதான் பையைத் தேடுவார்கள், கயிற்றில் சிக்கெடுப்பார்கள், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுவார்கள். பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்தியதும் கை நடுங்கத் தொடங்கும், அதோடு பாதி வேலை மறந்துபோகும். வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகப் போய், "எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், சரிவில் இரண்டு நிமிட வேலைதான் மிஞ்ச வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒருவர் உற்சாகத்தில் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மாட்டியிருந்த வின்ச் பட்டையையும் (படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் பட்டை) சங்கிலியையும் சேர்த்தே கழற்றிவிட்டிருந்தார். உருளைகள் வைத்த டிரெய்லர். சரிவுகளின் சாய்வு பொதுவாக 12 முதல் 15 சதவீதம். பின்னோக்கி இறங்கத் தொடங்கியதும் படகு வழுக்கிக்கொண்டு போய்க் கான்கிரீட்டில் உட்கார்ந்திருக்கும். "பின்பக்கப் பட்டைகள் போதும் ஐயா. இதைப் படகு தண்ணீரைத் தொட்ட பிறகு கழற்றலாம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. இந்த வகை டிரெய்லரில் எல்லோருக்கும் வருகிற குழப்பம்தான் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். திரும்ப மாட்டினார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கணவன் படகில், மனைவி ஸ்டியரிங்கில். அவர் "இடது! இடது!" என்று கத்துகிறார். யாருடைய இடது? வண்டியுடையதா, டிரெய்லருடையதா, அமரத்தை, படகின் பின்முனையை, பார்த்து நிற்கும் அவருடையதா? அந்த அம்மா திருப்பத் திருப்ப டிரெய்லர் எதிர்ப்பக்கம் மடிந்துகொண்டே போனது. மிதவை மேடைக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கலாம். இப்போது எனக்குத் தூரம் சரியாகத் தெரிவதில்லை.

ஜன்னலருகே போனேன். கண்ணில் நீர் கட்டியிருந்தது அவருக்கு. "அம்மா, முதலில் வண்டியை முன்னால் எடுத்து நேராக்குங்கள். பிறகு ஒரு கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாக." இவ்வளவுதான் சொன்னேன். சீட் பெல்ட்டைக் கழற்றச் சொல்லவும் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லவும் நாக்கு துடித்தது. பாசியில் வண்டி வழுக்கினால் வெளியே வர வேண்டுமே. ஆனால் பயந்திருக்கிற ஆளிடம் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போய்ச் சேரும். கொஞ்சம் பொறுத்து அதையும் சொன்னேன்.

கணவரிடம் போனேன். "நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அவர் கண்ணாடியில் உங்களைப் பார்க்கிற இடத்தில் நின்று கையை மட்டும் காட்டுங்கள்." அவருக்குக் கோபம். யாரோ ஒரு ஒற்றைக்கண்ணன் வந்து அதிகாரம் செய்கிறான் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நேராக இறங்கினார் அந்த அம்மா. குட்டை டிரெய்லர் வேறு, அதுதான் சட்டென்று மடியும், நீளமானது பொறுமையாகத் திரும்பும். பெஞ்சில் இருந்த வேடிக்கைக் கூட்டத்தில் ஒருவன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன். "மறைக்கிறீர்கள்" என்றான். "ஆமாம்" என்றேன்.

ஏப்ரல் 8

காற்று. ஒரு படகும் வரவில்லை. கொட்டகையில் என் படகின் தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து இரவெல்லாம் படபடத்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

தக்கை. தக்கை. தக்கை.

படகின் அடியிலுள்ள வடிகால் துளையை அடைக்கும் தக்கை. இன்று ஒரு புதுப் படகு மேடையோரத்தில் அப்படியே தாழ்ந்துகொண்டிருந்தது. உரிமையாளர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். படகில் பத்து வயதுப் பெண் மட்டும். "அண்ணா, கால் நனைகிறது" என்று பக்கத்துப் படகுக்காரனிடம் சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். நான் மேடையிலிருந்தே கத்தி, வெளியே ஏறச் சொன்னேன். அவளுடைய அப்பா ஓடி வந்ததும், டிரெய்லரைத் திரும்ப இறக்கி, படகை அதன்மேல் ஏற்றி, மெதுவாக மேலே இழுக்க வைத்தோம். துளையிலிருந்து தாரையாகக் கொட்டியது. தக்கை அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு அங்குலத் துளை. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். வண்டியை நிறுத்தி, பூட்டி, நடந்து வருவதற்குள் 400 லிட்டர். மின்கலம் நனைந்தால் நீரிறைப்பானும் நின்றுவிடும்.

இதை மறதி என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. படகைக் கொண்டுபோகும்போது தக்கையைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. காரணமும் நியாயமானது. ஜீப்ரா மசல் என்ற வரிச்சிப்பியின் இளம்புழு கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய நீரிலேயே அடுத்த ஏரிக்குப் போய்விடும். 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள், பிறகு நீர்க்குழாய்களை அடைக்கும் அளவுக்குப் பரவியது. ஆகவே, விதியை மதிக்கிற ஒவ்வொருவரும் அடியில் ஓட்டையுடன்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். ஒழுங்கானவர்தான் மூழ்குகிறார்.

வண்டிச் சாவியோடு சேர்த்துத் தக்கையைக் கட்டி வைக்கச் சொன்னேன். தக்கை இல்லாமல் சாவி கைக்கு வராது, சாவி இல்லாமல் வண்டி நகராது.

அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்து, "வலிக்கிறதா?" என்றாள். அவள் அப்பா அதட்டினார். வலிக்கவில்லை என்றேன், அது உண்மை.

ஏப்ரல் 12, சனி

கான்கிரீட் முடிகிற இடத்தில் பள்ளம் இன்னும் பெரிதாகியிருக்கிறது. இடது ஓரம். ஒரு பையனிடம் கழியைக் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். இடுப்புவரை இறங்கும்போல் இருக்கிறது என்றான்.

யார் தோண்டுவது? புதியவர்கள் இல்லை. திரும்பி வரும்போது வின்ச்சைச் சுற்றச் சோம்பல்பட்டு, எஞ்சினை முறுக்கி, படகை டிரெய்லர்மேல் ஓட்டி ஏற்றுகிற தேர்ந்தவர்கள். புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற நீர் கான்கிரீட் விளிம்புக்கு அப்பால் உள்ள மண்ணை அரித்து, இன்னும் ஆழத்தில் மேடாகக் குவிக்கிறது. பள்ளத்தில் டிரெய்லர் சக்கரம் விழும், மேட்டில் அடுத்தவன் புரொப்பெல்லர் இடிக்கும். இருபது வருடமாகப் படகு வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரிடம் இதைச் சொன்னேன். "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார். என் வேலை இதுதான், இப்போதைக்கு.

அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொட்டு மருந்து, சரிவு, சொட்டு மருந்து, தூக்கம்.

ஏப்ரல் 17

கோடு இப்போது கோடாக இல்லை. வளையத் தொடங்கிவிட்டது. கீழே ஒரு வில். மேலே பார்த்தால் தெளிவு, ஆனால் நேர்கோடுகள் நெளிகின்றன. மேடையின் கம்பங்கள் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கின்றன. சரியாகிவிடும் என்றார்கள். 'ஆகிவிடும்' என்றார்களா, 'ஆகலாம்' என்றார்களா?

ஏப்ரல் 19, சனி

கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. ஆனால் நல்ல நாள்.

சாம்பல் நிறப் படகில் ஒரு தாத்தாவும் பேத்தியும். உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சின். பேத்தி சாவியைத் திருப்பப் போனாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த ஆவியை வெளியேற்றும் காற்றூதியை 4 நிமிடம் ஓடவிட்டு, பிறகும் முகர்ந்து பார்த்துத்தான் சாவி. நாலு நிமிடமும் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவரைக் கும்பிடத் தோன்றியது.

இன்னொருவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படகைப் பிடித்திருந்தார். சுற்றாதீர்கள், காற்று ஒரு தள்ளு தள்ளினால் கையோடு போகும், நழுவவிடுகிற மாதிரிப் பிடியுங்கள் என்றேன். அணியத்துக்கு ஒரு கயிறு, அமரத்துக்கு ஒரு கயிறு, இரண்டும் இறக்குவதற்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் அமரத்துக் கயிற்றை என்னை நோக்கி வீசினார். ஒற்றைக் கண்ணால் அது எங்கே வருகிறது என்று தெரியவில்லை, கையை நீட்டினேன், கயிறு மார்பில் அடித்து விழுந்தது. அவர் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். இனிமேல் மேடைக் கட்டையைச் சுட்டிக்காட்டி அதன்மேல் வீசச் சொல்ல வேண்டும்.

கைகள் சும்மா இருப்பதால் ஒன்று தெரிகிறது. முன்பெல்லாம் "நகருங்கள், நான் செய்கிறேன்" என்று ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் நன்றி சொல்வார்கள். அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்தில் அதே மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பார், என்னைத் தேடிக்கொண்டு. இந்த வருடம் யாரும் தேடவில்லை. போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு அழுத அந்த அம்மா இன்று தனியாகப் படகை இறக்கிவிட்டு, எனக்குக் கையைக்கூட அசைக்காமல் போனார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்தே விட்டது. பள்ளத்தில் ஒரு டிரெய்லர். இடது சக்கரம் விளிம்பைத் தாண்டி விழுந்து, அச்சு கான்கிரீட்டில் மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் புதியவர். ஆழமாக இறக்கினால் படகு சுலபமாக ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆழமாகப் போனால் படகு டிரெய்லரின் தாங்குகட்டைகளைத் தொடாமல் மிதந்து கோணலாகத்தான் உட்காரும். மட்கார்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், கட்டைகள் காய்ந்திருந்தால் ஒருமுறை முழுக்க நனைத்துவிட்டு மேலே வந்து நிற்கலாம்.

அவர் ஆத்திரத்தில் வண்டியை முன்னால் இழுத்தார். அச்சு வளையும், நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஆறு பேர் தண்ணீரில் இறங்கி டிரெய்லரின் பின்பக்கத்தைத் தூக்க, மெல்ல வெளியே வந்தது. நான் தூக்கவில்லை. கரையில் நின்றேன். ஆறு பேரில் ஒருவர், அந்த இருபது வருடத்துக்காரர். என் பக்கம் திரும்பவே இல்லை.

இடது பக்கக் கம்பத்தில் மஞ்சள் துணி கட்டச் சொல்லியிருக்கிறேன், பின்சக்கரம் அதைத் தாண்டக் கூடாது.

ஏப்ரல் 23

தூக்கமில்லை. சரிவுக்குப் போகவில்லை. யாராவது தக்கை இல்லாமல் இறங்கியிருப்பார்கள். இறங்கட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

விழித்திரை ஒட்டியிருக்கிறது! மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். குமிழ் இப்போது அடியில் சிறு வட்டம். சில நாளில் கரைந்துவிடும். அதுவரை விமானம் வேண்டாம், அதற்குப் பிறகும் கனமான எதையும் தூக்க அவசரப்பட வேண்டாம் என்றார். படகு ஓட்டலாமா என்று கேட்டேன். இன்னொருவர் ஓட்ட, நீங்கள் உட்கார்ந்து போகலாம் என்றார். அலை இல்லாத நாளாக.

வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அக்கா மகன் வண்டி ஓட்டினான். "மாமா, அடுத்த சனிக்கிழமை உங்கள் படகை இறக்கிவிடலாம்" என்றான். அவன் இதுவரை படகு இறக்கியதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவனுக்குப் பாடம். காலியான நிறுத்துமிடத்தில் டிரெய்லரோடு பின்னோக்கி வரப் பழகினான். இரண்டு பெட்டிகளைச் சரிவின் ஓரங்களாக வைத்தோம், இரண்டையும் நசுக்கினான். பிறகு பிடிபட்டது.

நெடுந்தூரம் ஓட்டி வந்தால் சக்கரத்தின் பேரிங்குகள் சூடாக இருக்கும், உடனே தண்ணீரில் விட்டால் உள்ளே குளிர்ந்து சுருங்கும் காற்று தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் ஆறவிடு என்றேன். எஞ்சினைத் தூக்கி வைத்து இறக்கு, தண்ணீருக்குள் போனதும் தாழ்த்து. வின்ச் பட்டை இருக்கும்போதே எஞ்சினைக் கிளப்பிப் பார், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் தாரையாக வெளியே வருகிறதா என்று பார், வராவிட்டால் உடனே அணை. கிளம்பாவிட்டால் படகு டிரெய்லரிலேயே இருக்கிறது, மேலே இழுத்துக்கொள்ளலாம். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டாதே, நீரிறைக்கும் ரப்பர்ச் சக்கரம் பொசுங்கிவிடும். வின்ச் கைப்பிடியை நழுவவிடாதே, சுழன்று வந்து எலும்பை முறிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவன் தலையை ஆட்டினான், ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது.

ஏப்ரல் 30

குமிழ் இல்லை. காலையில் தேடினேன், இல்லை.

மே 1

இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் அடிக்கிறது. அறுவை செய்த கண்ணில் இல்லை. மற்றதில்.

மே 2, வெள்ளி

இன்றும். புள்ளிகளும் மிதக்கின்றன. தொலைபேசியில் கேட்டேன், தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். அக்கா மகன் வருகிறான். நாளை படகை அவனே இறக்க வேண்டும், நண்பன் ஒருவன் உடன் வருவானாம். தள்ளிப்போடலாம் என்கிறான், வேண்டாம் என்றேன். தக்கை சாவிக்கொத்தில் இருக்கிறது. இடது ஓரம் வேண்டாம், வலது பாதையில் இறங்கச் சொல்ல வேண்டும், மஞ்சள் துணி காற்றில் போயிருந்தால் கழியால் குத்திப் பார்த்துவிட்டு. பெஞ்சுக்காரர்களை அவன் கண்டுகொள்ளக் கூடாது. வண்டிச் சத்தம் கேட்கிறது