வளவு ஆச்சியும் எச்ஓஏ லெட்டரும்

ஆனித் தேரோட்டத்துக்கு லீவு போட்டு திருநெல்வேலி டவுனுக்கு வந்து நாலு நாளாச்சு, பாக்கவங்க எல்லாம் ஒரே கேள்விதான், "ஏல, உங்கம்மை வத்தல் போட்டதுக்கு போலீஸ் வந்துட்டாமே?" போலீஸ்லாம் வரல. அம்மை ரெண்டு சேத்து சொல்லி வச்சிருக்கா. நடந்தத நானே எழுதிருதேன், அமெரிக்காவுல முதல் தடவையா தனி வீடு வாடகைக்கு எடுக்கவங்களுக்கு உதவும்.

டல்லாஸ் பக்கம் நாலு வருசம் அபார்ட்மென்ட்ல இருந்துட்டு போன வருசம் தனி வீட்டுக்கு மாறினோம். ஓனர் கலிபோர்னியால இருக்காரு. லீஸ்ல ஒரு ஓரத்துல ஒரு வரி, எச்ஓஏ விதிகளுக்கு வாடகைக்கு இருக்கவர் கட்டுப்படணும், அபராதம் வந்தா அவரே கட்டணும்னு. படிக்காம கையெழுத்து போட்டேன், கோட்டிக்காரன். எச்ஓஏன்னா அந்த ஏரியா வீட்டு ஓனர்கள் சங்கம். சந்தா கட்டுதது ஓனர், ஓட்டு போடுதது ஓனர், நமக்கு அங்க ஓட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, விதி மட்டும் உண்டு. நீச்சல் குளத்து சாவிக்கு கூட ஓனர் கையெழுத்து போட்டு அனுப்பணும். விதிகள் கவுன்டி, அதான் நம்மூர் மாவட்டம் மாதிரி, அதோட கிளர்க் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கும், யாரு வேணா வாங்கிப் படிக்கலாம். நான் படிச்சது முதல் லெட்டர் வந்த பொறவுதான்.

முதல் லெட்டர் குப்பைத்தொட்டிக்கு. குப்பை வண்டி வந்து போன அன்னைக்கே தொட்டிய ரோட்டுலேந்து பாத்தா தெரியாத இடத்துல வைக்கணுமாம், நான் மறுநாள் சாயந்திரம் வரைக்கும் விட்டுட்டேன். ரெண்டாவது லெட்டர் புல்லுக்கு. வெயில் கொளுத்துது, சிட்டிக்காரன் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி பாய்ச்சலாம்ங்கான், இவன் புல்லு ஏன் காஞ்சிருக்குன்னு கேக்கான், நான் யாரு பேச்ச கேக்க?

சட்டதிட்டம் எனக்கு ஒண்ணும் புதுசில்ல. நான் வளந்தது இங்க டவுன்ல ஒரு வளவுல, எட்டு வீடு, ஒரு கிணறு, ஒரே வாசல். வளவு ஆச்சி ராத்திரி பத்து மணிக்கு வாசக்கதவ அடைச்சிருவா, அதுக்குப் பொறவு ஆட்டுரல் சத்தம் கேக்கக்கூடாது, கொடியில துணி காயப்போட முறை வச்சுதான் போடணும். முறை மாத்தி போட்டா முத்தத்துல நின்னு எட்டு வீட்டுக்கும் கேக்க மாதிரி வைவா. ஆனா அரைமணி நேரத்துல அவளே "சாப்டியாட்டி"ன்னு எங்கம்மைட்ட வந்து நிப்பா.

வத்தல் கதைக்கு வாரேன். அம்மை பொறந்தது கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பேர்போன ஊரு. ஜூலை மாசம் எங்க வீட்டுக்கு வந்தவ அந்த வெயில பாத்ததும் கை துறுதுறுங்க அரிசிக்கூழ் கிண்டிட்டா. அப்பாவோட பழைய எட்டு முழ வேட்டிய வீட்டு முன்னால கார் விடுத ட்ரைவ்வேயில விரிச்சு, நாலு மூலைக்கும் நாலு கல்ல வச்சு, கரண்டி கரண்டியா ஊத்திட்டு, காக்கா வராம இருக்க என் கறுப்புக் குடைய விரிச்சு பக்கத்துல வச்சா. காலையில ஊத்துனது சாயந்திரம் வேட்டிய தண்ணி தெளிச்சு உரிக்கப் பதம் வந்துட்டு, நம்மூர்ல கூட இவ்வளவு வேகமா காயாது. மூணாவது நாள் ஒரு கார் வீட்டு முன்னால நின்னு போச்சு, அவ்வளவுதான்.

பத்து நாள் கழிச்சு ஓனர் மெயில் அனுப்புனாரு, போட்டோவோட. "தெருவில் தெரியும்படி துணி உலர்த்துதல்." வேட்டி மட்டும்தான் அவங்க கண்ணுல பட்டிருக்கு, மேல இருக்க வத்தல என்ன நினைச்சாங்களோ! அம்மை கேட்டா, "யாருல வந்து சொன்னா?" யாரும் வரலம்மா, மெயில்தான்னேன். "நேர்ல வந்திருந்தா ரெண்டு பொரிச்சுக் குடுத்திருப்பம்லா."

அபராதம் விழல. டெக்சாஸ் சட்டப்படி இந்த மாதிரி தப்புக்கெல்லாம் உடனே ஃபைன் போட முடியாது, ஓனருக்கு சர்ட்டிஃபைட் மெயில்ல, நம்மூர் ரிஜிஸ்டர் தபால் மாதிரி, சொல்லி சரி பண்ண டைம் குடுக்கணும், அவரு 30 நாளைக்குள்ள ஹியரிங்கும், அதாவது சங்கத்துக்கு முன்னால நம்ம பக்கத்த சொல்ல ஒரு விசாரணையும், கேக்கலாம். ஆனா அதே மாதிரி தப்ப ஆறு மாசத்துக்குள்ள திரும்ப செஞ்சா அந்த டைம குடுக்கணும்னு இல்ல. லெட்டர் போறது எல்லாம் ஓனருக்குத்தான், அவரு பாத்து நமக்கு அனுப்புததுக்குள்ள பாதி நாள் போயிருது, அதனால வந்த உடனே போட்டோ எடுத்து அனுப்பிரச் சொல்லி வச்சிருக்கேன். இன்னொண்ணு, நிலைக்கதவுல மாவிலைத் தோரணம் கட்டப் பயந்துட்டு இருந்தேன், பயப்பட வேண்டாம். சாமி சம்பந்தப்பட்டத தடுக்கக்கூடாதுன்னு 2011லயே சட்டம் வந்துட்டு, அப்போ கதவுல 25 சதுர இன்ச்சுன்னு கணக்கு வச்சிருந்தாங்க, 2021ல அத தளத்திட்டாங்க, அது வாடகைக்கு இருக்கவனுக்கும் உண்டு.

பொறவு வத்தல் பின்பக்கம் வேலிக்கு உள்ள போச்சு. அங்க அணில் தின்னுச்சு. சவத்த, அணிலுக்கு எந்த ரூலும் இல்ல.

நேத்து புது லீஸ் மெயில்ல வந்துது, இந்த வாட்டி எல்லா பக்கத்தையும் படிச்சேன். பழசுல இல்லாத ஒரு வரி சேத்திருக்காரு, ட்ரைவ்வேயில துணி உலர்த்தக்கூடாதுன்னு. அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன். வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டா, "வத்தல்னு எழுதலேல்லா?"