மில்போர்டில் தோப்காபி அரண்மனை: ஏழு வாரத்தில் வந்து நிற்கும் இடம்

இரண்டரை அடிக்கு இரண்டடி பலகையில், மில்போர்ட் என்ற கெட்டி அட்டையால் நான் செய்துவரும் தோப்காபி அரண்மனை மாதிரி முக்கால்வாசி எழும்பிவிட்டது. இஸ்தான்புல்லில் ஒட்டோமான் சுல்தான்கள் வாழ்ந்த அரண்மனை அது. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருக்கின்றன. அளவு 1:500, அதாவது பலகையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் இஸ்தான்புல்லில் ஐந்து மீட்டர்.

முழு அரண்மனையும் இந்தப் பலகையில் அடங்காது. அதனால் முதல் முற்றத்தை விட்டுவிட்டேன். மனசில்லாமல்தான் விட்டேன். 1478ஆம் ஆண்டுக் கல்வெட்டு பொறித்த பேரரசு வாசல், ஆயுதக் கிடங்காக இருந்த பழைய அயா இரினி தேவாலயம், நாணயச் சாலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சாதாரண ஜனங்களும் வந்துபோன முற்றம் அது. ஆனால் அதையும் சேர்த்தால் பலகை இரண்டு மடங்கு நீளும், என் மேசையில் இடமில்லை. எனவே பாபுஸ்ஸலாம் என்கிற இரண்டாவது வாசலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இருபக்கமும் கூம்புத் தொப்பி போட்ட இரண்டு எண்கோணக் கோபுரங்கள் இருக்குமே, அந்த வாசல். அதைக் குதிரைமேல் தாண்டும் உரிமை சுல்தானுக்கு மட்டும்தான். மந்திரியானாலும் இறங்கி நடக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் வீணாயின. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், இதே மாதிரியைச் செய்ய நினைப்பவர்களுக்கு அது உதவும். பலகையின் நடுவே ஒரு கோடு இழுத்தேன், அதன்மேல் மூன்று செவ்வகங்களை வரிசையாக வரைந்தேன், அப்புறம் கட்டடங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். மூன்றாம் முற்றத்துக்கு வந்தபோது எதுவும் பொருந்தவில்லை. ஒரு பக்கம் விரலளவு இடைவெளி, மறுபக்கம் கட்டடத்தின்மேல் கட்டடம். வரைபடத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த முற்றங்கள் சரியான செவ்வகங்களே இல்லை. சுவர்கள் கோணலாக ஓடுகின்றன.

அதற்கான காரணம் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது. 1453இல் கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத், முதலில் நகரின் நடுவே ஓர் அரண்மனை கட்டினார். இன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் இருக்கும் இடம் அது. சில ஆண்டுகளிலேயே பாஸ்போரஸ் நீரிணையும் மர்மாரா கடலும் பொற்கொம்பு என்ற கடற்கழியும் சேரும் முனையில், பைசாந்தியம் என்ற பழைய நகரத்தின் கோட்டைக்குன்று இருந்த மேட்டில், புது அரண்மனைக்கு அடிபோட்டார். அப்போது அதற்குப் பெயரே ‘புதிய அரண்மனை’தான். தோப்காபி, அதாவது பீரங்கி வாசல், என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. மெஹ்மத்துக்குப் பிறகு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் வந்தவர் போனவர் எல்லாம் இடித்தும் சேர்த்தும் கட்டினார்கள். குன்றின் வளைவுக்கு ஏற்ப, நெருப்பில் எரிந்ததற்கு ஏற்ப, அவரவர் ஆசைக்கு ஏற்ப வளர்ந்த இடம். அதற்குப் போய் நான் நடுக்கோடு இழுத்திருக்கிறேன்.

சரி என்று எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, பச்சைச் சார்ட் பேப்பரில் முற்றங்களை மட்டும் வெட்டினேன். வெறும் காலியிடங்கள். அவற்றைப் பலகையில் வைத்துச் சரிபார்த்த பிறகு, புடவைக்குக் கரை வைப்பது போல ஓரத்தில் கட்டடங்களை வைத்துக்கொண்டே போனேன். எல்லாம் தானாக இடம் பிடித்தன. தோப்காபியைக் கட்டியவர்கள் முதலில் கட்டியது முற்றத்தைத்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். கட்டடங்கள் அதைச் சுற்றி வந்தவை.

இரண்டாம் முற்றம் என் பலகையில் ஓரடி நீளம். வலப்பக்கம் முழுக்கச் சமையல்கூடங்கள். 1574இல் பெரிய தீ விபத்து நடந்த பிறகு அரசவைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் புதுப்பித்துக் கட்டியவை. இருபது புகைபோக்கிகள்! பென்சில் முனையைச் சுற்றித் தாளை உருட்டிக் கூம்பாக்கி, அடியை வெட்டிச் சமன்செய்து ஒட்ட வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. கடைசி ஐந்தும் முதல் ஐந்தைவிட அழகாக வந்துவிட்டதால் முதல் ஐந்தைத் திரும்பச் செய்தேன். சம்பள நாளில் சுல்தானின் காலாட்படையான ஜானிசரி வீரர்கள் இந்த முற்றத்தில்தான் கூடி அரண்மனைச் சூப்பைக் குடிப்பார்கள். அவர்கள் சூப்பைத் தொடாமல் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு வயிறு கலங்கும், கலகத்துக்கு அதுதான் அறிகுறி. புகைபோக்கிகளை ஒட்டும்போதெல்லாம் இந்தச் செய்தி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

குவிமாடங்களுக்குச் சிறிய தெர்மாகோல் உருண்டைகளைப் பாதியாக வெட்டினேன். ஈயத்தகட்டு நிறம் வருவதற்காக ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததில் மூன்று குவிமாடங்கள் கண்ணெதிரே உருகிவிட்டன. தெர்மாகோலில் நேராக ஸ்ப்ரே அடிக்கக்கூடாது. இரண்டு பூச்சு வெள்ளைப் பசை தடவிக் காயவைத்து, அதன்மேல் போஸ்டர் கலரைத் தூரிகையால் பூசினால் நன்றாக நிற்கிறது. தாழ்வாரத் தூண்களுக்கு ஊதுபத்திக் குச்சி. வேறெதுவும் இவ்வளவு பொருந்தவில்லை.

இடப்பக்கத்தில் மந்திரி சபை கூடிய குப்பெஅல்தி மண்டபம், அதன் முதுகோடு ஒட்டி நீதிக் கோபுரம். மண்டபத்தில் பெரிய வஸீர், அதாவது தலைமை மந்திரி, உட்காரும் இடத்துக்கு மேலே கம்பியிட்ட ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் பின்னாலிருந்து சுல்தான் சபை நடப்பதைக் கேட்கலாம். அவர் இருக்கிறாரா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆள் வராமலே ஆட்சி செய்ய ஒரு ஜன்னல் போதுமாக இருந்திருக்கிறது. 1:500இல் அந்த ஜன்னல் ஒரு புள்ளிகூட ஆகாது. மனம் கேட்கவில்லை. அதனால் அந்த மண்டபத்தை மட்டும் 1:50இல் தனியாக, ஒரு சுவரைத் திறந்துவிட்டுச் செய்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பழைய தேநீர் வடிகட்டியின் வலையை வெட்டிப் பொன்னிறம் பூசினேன். இதுவரை செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கோபுரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இன்று காணும் அதன் மேல்பகுதி 19ஆம் நூற்றாண்டில் இரண்டாம் மஹ்மூத் காலத்தில் மாற்றிக் கட்டியது. சினானின் புகைபோக்கிகளுக்கு அருகே அதை வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1924இல் அருங்காட்சியகமாகி இன்று வரை நிற்கும் அரண்மனையைத்தான் செய்கிறேன் என்று தீர்மானித்த பிறகு குழப்பம் தீர்ந்தது.

மூன்றாம் முற்றத்துக்கு பாபுஸ்ஸஆதா வாசல். அதை ஒட்டி, சில அடிகள் தள்ளி, அரசர் தூதர்களைச் சந்தித்த அர்ஸ் அறையை வைத்தேன். கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி வாசல் வழியாகப் பார்த்தேன். உள்ளே முற்றமே தெரியவில்லை. அந்த அறையின் சுவர்தான் தெரிகிறது. கதவு திறந்திருந்தாலும் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. இதை வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்தும் கவனித்ததில்லை. இந்த அறைக்கு வரும் தூதரை இரண்டு பேர் இருபுறமும் கையைப் பிடித்துத்தான் அழைத்து வருவார்கள். வாசலருகே ஒரு நீரூற்றும் உண்டு. உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீர்ச் சத்தம் உதவியது என்பார்கள். அதற்கும் அப்பால் அரண்மனைப் பணியாளர்களைப் பயிற்றுவித்த எந்தெருன் பள்ளி, அங்கே பேச்சே குறைவு, சைகை மொழி வழக்கத்தில் இருந்தது. மூன்றாம் அகமதின் 1719ஆம் ஆண்டு நூலகத்தை முற்றத்தின் நடுவே வைத்தாகிவிட்டது.

அரண்மனைப் பெண்கள் வாழ்ந்த ஹரேமில் முந்நூறுக்கும் மேல் அறைகள். இந்த அளவில் கூரைகளை மட்டும்தான் காட்ட முடிகிறது, அதுவும் பாதிதான் முடிந்திருக்கிறது. மூன்றாம் முராத்துக்காக 1578இல் சினான் கட்டிய அறையைப் பிற்பாடு தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்த வாரம் நான்காம் முற்றம். அங்கே தரை பல மட்டங்களில் இறங்குவதால் மில்போர்டை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். எரேவான், பாக்தாத் வெற்றிகளுக்காக நான்காம் முராத் கட்டிய ரெவான், பாக்தாத் மண்டபங்களுக்கு எண்கோண அச்சு வெட்டியாகிவிட்டது. அவற்றுக்கு அருகே 1640இல் சுல்தான் இப்ராஹிம் அமைத்த இஃப்தார் விதானத்தின் பொன் கூரைக்கு மட்டும் இன்னும் பொருள் கிடைக்கவில்லை. சாக்லேட் சுற்றி வரும் தங்கக் காகிதத்தைத் தேய்த்து மென்மையாக்கிப் பார்க்கப் போகிறேன்.