இரண்டாங்கட்டு: ஊரடங்கு நாட்குறிப்பு

24 மார்ச் 2020
மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். கொழுந்தனார் எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

29 மார்ச்
கொழுந்தனாரின் மனைவி சின்னவள் இடக்கையால் பரிமாறினாள்.

30 மார்ச்
அவளுடைய வலது மணிக்கட்டுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். "நடையில வழுக்கிட்டேன் ஆச்சி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழுக்கி விழுந்தவளின் கையில் நான்கு விரல்களின் தடம் எப்படிப் பதியும்? அவர் பட்டாலையில் உட்கார்ந்திருந்ததால் நான் எதுவும் கேட்கவில்லை.

5 ஏப்ரல்
இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் மின்விளக்குகளை அணைத்து அகல் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அவர் முகப்பில் விளக்கோடு நின்று எதிர்வீட்டாரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்ததால் சின்னவள் வெளியே வரவில்லை. இந்தச் செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதையும் சுவர்களின் கனத்தையும் வியந்து பேசுவார்கள். இரண்டாங்கட்டில் ஒருத்தி அலறினால் இரண்டு தெருவுக்கும் கேட்காது என்பது உள்ளே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், பேருந்து ஏறினால் தேவகோட்டையில் ஆத்தா வீடு என்று அவளுக்கு மூச்சுவிட மூன்று இடங்கள் இருந்தன. நோய்க்குப் பயந்து அடைத்த வாசல்கள் அவளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டன.

7 ஏப்ரல்
வீடுகளுக்குள்ளும் அமைதி வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் கேட்டிருக்கிறார். அந்தச் செய்தியைக் கொழுந்தனாரே உரக்க வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

10 ஏப்ரல்
தேசிய மகளிர் ஆணையம் புகாருக்கு வாட்ஸப் எண் ஒன்றை அறிவித்திருக்கிறது. சின்னவளின் கைப்பேசி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

14 ஏப்ரல்
சித்திரை பிறந்தது. ஊரடங்கு மே 3 வரை.

7 மே
டாஸ்மாக் கடைகளை இன்று திறந்துவிட்டார்கள். குடிதான் அவரைக் கெடுக்கிறது என்று மாமியார் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தார், நானும் தலையாட்டினேன். கடைகள் மூடியிருந்த இந்த நாட்களில் ஒரு சொட்டு இல்லாமல், முழு நினைவோடு, கதவைத் தாழிட்டுக்கொண்டுதானே அடித்தான்!

9 மே
உயர் நீதிமன்றம் கடைகளை மீண்டும் மூடச் சொல்லியிருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் நிம்மதி.

10 மே
2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி இரவெல்லாம் படித்தேன். அடிபட்டவள்தான் புகார் சொல்லவேண்டும் என்பதில்லை. அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வராது. வீட்டில் அவளுக்குப் பங்கு இல்லாவிட்டாலும் குடியிருக்கும் உரிமை உண்டு. வெளியேறும்படி அவனுக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்ற கவலை விடியும்வரை என்னைவிட்டுப் போகவில்லை.

11 மே
அவன் எழுவதற்கு முன் கிணற்றடிக்குப் போய்ப் பெண்கள் உதவி எண் 181-இல் பேசினேன். தெருவையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டார்கள், சொன்னேன். சின்னவள் தன் ஆதார் அட்டையையும் இரண்டு சேலைகளையும் என் பெட்டகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். "ஆச்சி, என்னைய அனுப்பிட்டா ஒங்கள விடுவாகளா?" என்று கேட்டாள்.

மதியம்
அலுவலரின் அழைப்பு இன்னும் வரவில்லை. பட்டாலையில் அவன் சாவியைத் தேடிக் கத்துகிறான். அது என்னிடம் இருக்கிறது.